கோத்தகிரிக் குளிரில் ஒரு நாள்: வெயில் சொல்லும் நேரப்படி

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய மலை ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் சமவெளியை விட்டு இங்கே குடிவந்தோம். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எனக்கு மூட்டு வலி. குளிர்காலத்தில் உங்களால் அங்கே சமாளிக்க முடியுமா என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. முடிகிறது, நன்றாகவே முடிகிறது. அதற்கு நாங்கள் கையாளும் வழி ஒன்றுதான்: எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்பதை வெயிலைப் பார்த்து முடிவு செய்வது.

புதிதாக வருபவர்கள் முதலில் கடைக்குப் போய் ரூம் ஹீட்டரும் கனத்த கம்பளியும் வாங்குகிறார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கப் போய்விட்டு, மாலை ஆறு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, எத்தனை கம்பளி போர்த்தினாலும் உடம்பு தாங்காது. ஒரு நாளின் வேலைகளை நாங்கள் எப்படி அடுக்கிக்கொள்கிறோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். மலை ஊர்களில் குடியிருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

குளிரின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை பலமாகவே கிடைக்கிறது. அக்டோபர், நவம்பரில் மழையும் மேகமூட்டமும். அந்தக் குளிர் ஈரக் குளிர். மழை ஓய்ந்து, டிசம்பர் பிற்பாதியிலிருந்து வானம் தெளிந்ததும் வேறு வகைக் குளிர் தொடங்குகிறது. மேகம் இருந்தால் நிலத்தின் சூட்டை ஓரளவு பிடித்து வைக்கும். தெளிந்த இரவில் அந்தச் சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டில் இருக்கும் வீட்டில் வெறும் பனித்துளி இருக்கும்போது, கீழே ஓடைக்கரைப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி என்று சொல்லப்படும் இரவில்கூடப் புல்லின் மேல் நீர் உறைந்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. இரவு வானத்தில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், மறுநாள் காலை கடுங்குளிர். நடைக்குப் போகும்போது மேட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள், பள்ளத்துப் பாதையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. இளஞ்செடிகளை மாலையிலேயே மிலார்ச் செடியின் கிளைகளால் மூடிவிடுவது இங்குள்ள வழக்கம். காலையில் உறைபனி படிந்திருந்தால் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாவிட்டால் இலை கருகிப்போகும்.

எழுந்தவுடன் வாசலுக்கு ஓட வேண்டாம்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் கூடுகிறது. கம்பளிக்குள்ளிருந்து எழுந்த மாத்திரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது வயதானவர்களுக்கு நல்லதல்ல. நாங்கள் கண் விழித்ததும் படுக்கையிலேயே கை கால்களை நீட்டி மடக்குகிறோம். கட்டிலின் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து, அதன் பிறகே எழுகிறோம். சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கும் என்பதால் கட்டிலடியில் ஒரு மிதியடி. சாதாரண காலுறை தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறையாகப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு ஒரு டம்ளர் வெந்நீர். குளிர்காலத்தில் தாகம் தெரியாது. அதனால் தண்ணீர் குடிப்பதே குறைந்து மலச்சிக்கலும் தலைவலியும் வருகின்றன. காலையிலேயே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள், மதியத்துக்குள் அது காலியாக வேண்டும்.

அதற்கடுத்துத்தான் தேநீர். இந்தப் பருவத்தில் தேயிலைக் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடியிருக்கும். நீலகிரியின் குளிர்காலத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு. கூடவே ஒரு வர்க்கி பிஸ்கட். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெயில் வாசலுக்கு வந்த பிறகு நடை

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் மணி நெருங்கிவிடும். மலைச்சரிவின் மறைவைத் தாண்டி வெயில் தெருவுக்கு இறங்க இன்னும் நேரமாகும். எங்கள் அடுத்த வீட்டுப் படுகர் பாட்டி வந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்: “வெயில் வாசலுக்கு வரட்டும் அம்மா, அப்புறம் எறங்கு.” அதையே விதியாக வைத்திருக்கிறோம். பெரும்பாலும் எட்டு மணிக்குத்தான் நடை.

குளிர் மட்டும் இதற்குக் காரணமில்லை. கோத்தகிரியைச் சுற்றித் தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் கலந்து கிடக்கின்றன. கரடியும் சிறுத்தையும் இருட்டிலும் விடியற்காலையிலும் நடமாடும். காட்டெருமை பகலிலும் சாலையோரம் மேயும். வளர்ந்த ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோவை எட்டக்கூடியது. பார்க்கச் சாதுவாகத் தெரிகிறதே என்று பக்கத்தில் போகவோ, செல்போனை நீட்டிப் படம் எடுக்கவோ கூடாது. நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் ஒருபோதும் போய்விடாதீர்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதைகளில் தனியாகப் போக வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை, கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் மேல். நடக்க நடக்க உடம்பு சூடேறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வியர்வையில் நனைந்த பனியனோடு நிழலில் நின்றால்தான் சளி பிடிக்கும் என்பது எங்கள் அனுபவம். காதை மூடும் குல்லா அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் மப்ளரால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும்.

முதல் பத்து நிமிடம் மெதுவாகவே நடங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் அடி வாங்கும். இரண்டில் எனக்கு இறக்கம்தான் கடினம். சிறு சிறு அடிகளாக வைத்து, சாலையில் இப்படியும் அப்படியும் சாய்வாக இறங்கினால் வலி குறைகிறது. கையில் ஒரு தடி இருந்தால் இன்னும் நல்லது. பாசி பிடித்த படிக்கட்டும் பனி நனைத்த புல்லும் வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த செருப்பை இந்த மாதங்களில் ஒதுக்கிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடை அல்லது கைக்குப் பரவும் வலியோ, வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் பாதைகள்

வழக்கமான நாட்களில் டானிங்டன் பக்கமிருந்து கடைத்தெரு வரை போய், காய்கறி வாங்கித் திரும்புவோம். இந்தப் பருவத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் பட்டாணியும் மண் வாசனை மாறாமல் கிடைக்கும். துணிப்பை கொண்டுபோவது இங்கே பழக்கமாகிவிட்டது. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. வெளியூரிலிருந்து வருபவர்களும் சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலோடு வாருங்கள்.

நேரம் இருக்கும் நாளில் கன்னேரிமுக்கு வரை நடப்போம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்த பிறகு கட்டிய பங்களா அங்கே இருக்கிறது. சீரமைக்கப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. வீட்டைப் பார்ப்பதோடு சுற்றியுள்ள பள்ளத்தாக்கையும் நின்று பாருங்கள்.

ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் காடு. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சர் தளங்களின் பட்டியலில் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே உள்ளன. சுற்றியுள்ள பல கிராமங்களின் குடிநீர் இந்தக் காட்டிலிருந்துதான் ஊறி வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அனுமதியோடு போனாலும் சத்தம் போடாமல், எதையும் பறிக்காமல், எதையும் போடாமல் திரும்புங்கள். நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் இந்தக் காடு தருவது.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஹெத்தையம்மன் பண்டிகை வரும். படுகர் மக்கள் வெள்ளை உடை அணிந்து ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து பேரகணியில் உள்ள அம்மன் கோயிலை நோக்கி நடந்து போவார்கள். இந்தக் குளிரிலும் முதியவர்கள் வெறுங்காலோடு நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கும்போது, இளமையிலிருந்தே மேடு பள்ளத்தில் நடந்த உடம்பின் பலம் புரியும். நம்மைப் போன்று பின்னாளில் வந்தவர்கள் அவர்களைப் பார்த்து உற்சாகம் கொள்ளலாம். வேகத்தில் போட்டியிட வேண்டியதில்லை.

பத்து மணி முதல் மூன்று மணி வரை வீட்டு வேலை

வெயில் நன்றாக இருக்கும் இந்த நேரம்தான் வீட்டுக்குப் பொன்னான நேரம். குளிர்காலத்தில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகிறது. அதனால் தெற்கு ஜன்னல்களின் திரையை விலக்கி வெயிலை உள்ளே விடுகிறோம். கம்பளி, மெத்தை, தலையணை எல்லாம் கொடிக்கும் திண்ணைக்கும் போகும். துணி துவைப்பதைப் பத்து மணிக்கு முன் முடித்தால்தான் காயும். மூன்றரை மணிக்குக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் காய்ந்த துணியும் மறுபடி நமுத்துவிடும்.

குளியலும் இந்த நேரத்தில்தான். சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பிற்பகலில் தண்ணீர் நல்ல சூட்டோடு வரும். தலைக்குக் குளிப்பதானால் முடி வெயிலில் காய நேரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளித்தவுடன், தோலில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும் என்பதால், பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் நிறுத்திவையுங்கள்.

சமையலறைக்கும் தனிக் கணக்கு உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவது இதனால்தான். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குக்கரே சரி. இட்லி மாவைக் காலையில் அரைத்து, கையால் நன்றாகக் கரைத்து, மூடிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரும் வைத்துவிடுகிறேன். தண்ணீர் ஆறியதும் மாற்றுவேன். ஒரு பகலும் ஓர் இரவும் கொடுத்தால் மாவு பொங்கிவிடும். தயிருக்குப் பாலை விரல் பொறுக்கும் சூட்டில் எடுத்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் மூடிக் கம்பளித் துணியைச் சுற்றிவைத்தால் கெட்டியாகத் தோயும்.

மாலையும் இரவும்

நான்கு மணிக்குள் ஜன்னல்களை மூடித் திரைகளை இழுத்துவிடுகிறோம். பகலில் சேர்ந்த சூடு இரவுக்குக் கொஞ்சமாவது மிஞ்சும். ஏழு மணிக்குள் சூடான எளிய சாப்பாடு. மிளகு ரசமும் சாதமும் எங்கள் வீட்டில் அடிக்கடி. படுப்பதற்கு முன் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்து, படுக்கை சூடானதும் எடுத்துவிடுகிறோம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அந்தப் பையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. தோல் பொசுங்கினாலும் தெரியாது.

கடைசியாக, மற்ற எதை மறந்தாலும் மறக்கக் கூடாதது ஒன்று. மூடிய அறைக்குள் கரி அடுப்பையோ விறகுத் தணலையோ வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். புகை இல்லையே என்று நினைப்பது ஆபத்து. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். மலை ஊர்களில் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட மரணச் செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் கொண்டுபோவதும் அதே அபாயம்தான். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்று வந்துபோக வழி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக் கதவைத் தட்டி, இரவு எப்படிச் சூடு மூட்டுகிறார் என்று கேளுங்கள். கரி அடுப்பு என்று சொன்னால், இன்னொரு கம்பளி வாங்கிக் கொடுத்து அந்த அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.