மூன்று கூரை, ஒரு க்ளெய்ம்

கேள்வி: வேதாரண்யம் பக்கத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் தளம் போட்ட கட்டடம். அதன் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஓர் அறை. பின்கட்டில் சமையலறை, மங்களூர் ஓடு. போன வாரம் அடித்த புயலில் மாடி ஷீட்டுகள் நாலைந்து பிய்த்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கொல்லையில் விழுந்தன. தென்னை ஒன்று சமையலறை மேல் சாய்ந்து ஓடு, ரீப்பர் எல்லாம் நொறுங்கிவிட்டன. கூடத்திலும் தண்ணீர் இறங்கி டிவி, பீரோ நனைந்துவிட்டன. வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியிலேயே இன்சூரன்ஸ் எடுத்தார்கள். பாலிசி தாள் என்னிடம் இல்லை. சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கூடத்துத் தளம் இரண்டு வருடமாகவே ஒழுகுகிறது. "அதையும் புயல் கணக்கிலே எழுதிடுங்க அண்ணி" என்கிறார் கொழுந்தனார். கொத்தனாரோ, "கம்பெனிதானே குடுக்கப்போகுது, மாடிக்கு நல்ல கலர் ஷீட்டாவே போட்டுடலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, வேதாரண்யம் வட்டம்

பதில்: மூன்று பேரில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. மற்ற இரண்டு பேரின் யோசனையும் ஆபத்து.

கொழுந்தனாரிடமிருந்தே தொடங்குகிறேன். தளத்தில் இரண்டு வருடமாக ஒழுகிய இடத்தைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள சர்வேயருக்கு அதிக நேரம் ஆகாது. ஈரம் காய்ந்து, மறுபடி ஊறி, மறுபடி காய்ந்த இடத்தில் பழுப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருக்கும். காரை பெயர்ந்திருந்தால் உள்ளே கம்பி துருவேறிக் கனத்திருக்கும். ஒரு வாரத்து மழையில் இவை வருவதில்லை. நாள்பட்ட தேய்மானத்துக்கும் பராமரிக்காமல் விட்டதற்கும் வீட்டு இன்சூரன்ஸ் பணம் தராது. இது பரவாயில்லை, அந்த ஒரு தொகையைத் தள்ளிவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். ஆனால் தெரிந்தே பொய்யாக எழுதினீர்கள் என்று ஆகிவிட்டால், மோசடி என்று சொல்லி மொத்த க்ளெய்மையும் மறுக்கப் பாலிசியிலேயே இடம் இருக்கிறது. கூடத்து ஒழுகலுக்காகச் சமையலறைப் பணத்தையும் இழக்கலாமா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டிவியும் பீரோவும் நனைந்தது எந்த வழியாக வந்த தண்ணீரால்? தளத்துப் பழைய வெடிப்பு வழியாக என்றால் வாதாடுவது கடினம். மாடியில் ஷீட் போன பிறகு அந்த அறைக்குள் மழை கொட்டி, படிக்கட்டு வழியாகக் கூடத்துக்கு இறங்கியிருந்தால் கதை வேறு. புயல் கூரையைத் திறந்துவிட்டது, அந்தத் திறப்பால் பொருள் நனைந்தது என்று அதையும் கேட்கலாம். படிக்கட்டுச் சுவரில் தண்ணீர் வழிந்த தடம் இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் உண்மையில் மூன்று கூரைகள், மூன்று காரணங்கள். மாடியைக் காற்று பிய்த்தது. சமையலறையில் மரம் விழுந்தது. கூடத்துத் தளத்தை வயது தின்றது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்து 'புயலில் வீடு சேதம்' என்று ஒரே வரியில் எழுதித் தருவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படி எழுதினால், எது புயலால் வந்தது என்று பிரிக்கும் வேலை சர்வேயர் கைக்குப் போய்விடும். நீங்களே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், தனிப் படங்கள் கொடுங்கள். கூடத்துத் தளத்தை விட்டுவிடுங்கள். அதை நீங்களே விட்டுவிட்டது தெரிந்தால் மற்ற இரண்டின் மேல் நம்பிக்கை கூடும்.

மாடி ஷீட்டுக்கு என்ன ஆதாரம்? காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, விளிம்பிலும் மூலையிலும் முகட்டோரத்திலும் மேல்நோக்கி உறிஞ்சித்தான் பிய்க்கிறது. அதனால் போல்ட் அப்படியே ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டத்தில் நிற்க, ஷீட் மட்டும் போல்ட்டின் தலை வழியாகக் கிழிந்து போயிருக்கும். அந்தக் கிழிசலை நெருக்கத்தில் படம் எடுங்கள். புதுக் கிழிசலின் ஓரம் பளிச்சென்று இருக்கும். ஏற்கெனவே அரித்த துளை என்றால் சுற்றிலும் துரு. ஓட்டிலும் இப்படித்தான்: புதிதாக உடைந்த விளிம்பு செக்கச்சிவப்பு, பழைய உடைசலில் கறுப்பும் பாசியும். பழுதான துண்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை அவைதான் சாட்சி. அடுத்த வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஷீட்டுகளைக் கிடந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துவிட்டு எடுத்து வையுங்கள்.

தென்னைக்கும் அப்படியே. வேரோடு சாய்ந்ததா, நடுவில் முறிந்ததா, கூரையின் எந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரியும்படி படம் எடுத்த பிறகே ஆளை விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுத்து அடுக்கிய துண்டுகளைக் காட்டி இதுதான் விழுந்தது என்றால் நம்புவது நம்புகிறவர் மனம்.

இப்போது 'எதையும் தொடாதே'. படம் எடுக்கும்வரை தொடக்கூடாது. எடுத்த பிறகு சும்மா இருக்கக்கூடாது. சேதம் மேலும் பெருகாமல் நியாயமான முயற்சி எடுப்பது பாலிசி உங்கள் மேல் வைக்கும் கடமை. தார்ப்பாய் வாங்கிக் கட்டுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கூரையின் கீழ் பத்து நாள் மழை பெய்யவிட்டு, நனைந்த அரிசி மூட்டைக்கும் சேர்த்துக் கேட்டால், மூடியிருக்கலாமே என்பார்கள். நிரந்தர வேலையை மட்டும் சர்வே முடியும்வரை தொடங்க வேண்டாம்.

பாலிசி தாள் இல்லாததுதான் எனக்கு இதில் பெரிய கவலை. வங்கியில் 'இன்சூரன்ஸ்' என்று கையெழுத்து வாங்கியது பல நேரம் கடன்காரரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும்; வீட்டுக்கு ஒன்றுமே இருக்காது. நாளையே வங்கிக்குப் போய்க் கட்டடத்துக்கான பாலிசியின் நகலையும் அதன் அட்டவணையையும் வாங்குங்கள். 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்ததென்றால் அது 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். புயல், வெள்ளம், மரம் விழுந்த சேதம் மூன்றும் அதில் அடங்கும். கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, உச்சமாக 10 லட்ச ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் உண்டு என்பது அதன் அமைப்பு. டிவி, பீரோவைப் பலர் கேட்காமலே விடுவது இதை அறியாததால்தான். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி சேதமானாலும் சேர்த்து எழுதுங்கள். இடிபாட்டை அள்ளும் செலவுக்கும் ஒரு சிறு பங்கு தருவார்கள். வீடு குடியிருக்கவே முடியாமல் போய் வாடகைக்குப் போனால் அதற்கும் வழி உண்டு, ரசீது வேண்டும்.

பழைய பாணி பாலிசி என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. 20 லட்சம் பெறும் கட்டடத்தை 10 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 1 லட்ச ரூபாய் சேதத்துக்கு 50,000 தான் கிடைக்கும். புதிய பாலிசியில் இந்த வெட்டு இல்லை. ஆனால் வீட்டுப் பரப்பளவைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மாடி அறை கடன் வாங்கும்போதே இருந்ததா, பிறகு கட்டியதா? பிறகு என்றால், அட்டவணையில் உள்ள பரப்பளவில் அது சேரவில்லை என்று கம்பெனி கைவிரிக்கக்கூடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசுங்கள். இன்னொன்று: கடன் பாக்கி இருக்கும்வரை பணம் பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் வரும். அதனால் கிளை மேலாளரிடம் இப்போதே ஒரு வார்த்தை.

தகவல் சொல்வதில் தாமதம் வேண்டாம். பாலிசி எண் தெரியாவிட்டாலும் கம்பெனியின் இலவச எண்ணில் அழைத்துப் பதிவு செய்து, க்ளெய்ம் எண்ணை வாங்குங்கள். க்ளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஊரே இருண்டு, டவர் விழுந்து கிடந்ததால் தாமதம் என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். நியாயமான காரணமுள்ள உண்மையான க்ளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டித் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டது. 2024 சுற்றறிக்கையின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். பெரும் புயலுக்குப் பின் இந்தக் கெடு நழுவலாம். இப்படி ஒரு கெடு இருப்பது தெரிந்து கேட்கிறவருக்கும் தெரியாமல் காத்திருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பகுதி உங்களுடையது. போன வாரம் புயல் வந்ததை அங்கே யாரும் மறுக்கப்போவதில்லை. பெயரில்லாத சூறைக்காற்றுக்குத்தான் வானிலை மையத்தின் சான்று தேவைப்படும். ஆனால் கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கு எடுக்க வருவார். நிவாரணத்துக்காக அவரிடம் சொல்வதும் கம்பெனிக்கு எழுதித் தருவதும் ஒன்றாக இருக்கட்டும். அங்கே 'முழுச் சேதம்', இங்கே 'பகுதிச் சேதம்' என்று இருந்தால் இரண்டு தாளும் ஒன்றையொன்று கெடுக்கும்.

சர்வேயர் வரும் நாளில் நீங்களே வீட்டில் இருங்கள். கொழுந்தனார் துணைக்கு இருக்கலாம். பேச்சு உங்களுடையதாக இருக்கட்டும். சர்வேயருடைய கட்டணம் கம்பெனியின் பொறுப்பு, நீங்கள் ஒன்றும் தர வேண்டியதில்லை. அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.

கொத்தனார் விஷயம். பாலிசி தருவது இருந்ததை இருந்தபடி ஆக்கும் செலவு. சாதாரணத் தகரத்துக்குப் பதில் கலர் ஷீட் போட ஆசை இருந்தால் போடுங்கள், கூடுதல் உங்கள் கைப்பணம். மதிப்பீட்டில் பழைய வகை ஷீட்டின் விலையையே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை ஷீட், என்ன நீளம், போல்ட், பர்லின், ஆள்கூலி எல்லாம் தனித்தனியாக. 'கூரை வேலை மொத்தம்' என்று வெள்ளைத்தாளில் ஒற்றைத் தொகை எழுதித் தந்தால் சர்வேயர் வெட்டுவதற்கு வசதி செய்து கொடுத்ததாகும்.

தொகை குறைவாக வந்தால், 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வவுச்சரை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டதனாலேயே உரிமை போய்விடாது. 2015-ல் ஆணையமே அப்படித் தெளிவுபடுத்தியிருக்கிறது. இருந்தாலும் ஏற்கவில்லை என்றால் அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆனால் கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும்.