ஒரே கருவி போதுமா?

படிக்கும் முன் சிந்திப்போம்

1. உங்கள் பள்ளிப்பையில் உள்ள மின்னிலக்கக் கருவிகள் எவை? ஒவ்வொன்றையும் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?
2. கைக்கணினியிலேயே கணக்குப் போட முடியும்போது, தனியாகக் கணிப்பான் எதற்கு?

வாசிப்புப் பகுதி

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கற்றல் கருவியை வைத்திருக்கின்றனர். சில பள்ளிகள் மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்துள்ளன. வேறு சில பள்ளிகளில் அது கைக்கணினியாக இருக்கிறது. கைக்கணினி செய்யும் பணிகளோ பல. மாணவர் கற்றல் தளத்தில் பாடம் படிக்கலாம், அறிவியல் சோதனையைப் படம் பிடிக்கலாம், வாய்மொழித் தேர்வுக்குப் பேசிப் பழகி, அதைப் பதிவு செய்து கேட்கலாம், கதைப்புத்தகமும் வாசிக்கலாம்.

ஆயினும், அதே பள்ளிப்பையில் ஒரு கணிப்பானும் இருக்கிறது. சில வீடுகளில் புத்தகம் படிப்பதற்கென்றே மின்வாசிப்பான் இருக்கிறது. மாணவர் ஒருவர், "எனக்கு ஒரு மின்வாசிப்பான் வேண்டும்," என்று கேட்டால், "கைக்கணினி இருக்கும்போது இன்னொன்று எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. பல பணிகளைச் செய்யும் ஒரு கருவி, ஒரே பணிக்கென உருவாக்கப்பட்ட கருவிகளுக்கு ஈடாகுமா? இக்கேள்விக்கு விடை காண, சில கருவிகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

கைக்கணினியின் வருகை

2010ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் 'ஐபேட்' என்னும் கைக்கணினியை அறிமுகம் செய்தார். அதன் திரை 9.7 அங்குலம்; தொடக்க விலை 499 அமெரிக்க டாலர். இணையம், திரைப்படம், விளையாட்டு, மின்னூல் எனப் பலவும் அதில் அடங்கின.

அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2007 நவம்பரில், அமேசான் நிறுவனம் 'கிண்டில்' என்னும் மின்வாசிப்பானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 399 டாலர் விலையுள்ள அக்கருவியின் முதன்மைப் பணி புத்தகம் படிப்பது ஒன்றுதான். திரையில் வண்ணம்கூட இல்லை. எனவே, ஐபேட் வந்ததும் மின்வாசிப்பானின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதினர். ஆனால், மின்வாசிப்பான் இன்றும் விற்பனையில் உள்ளது. காணாமற்போனவை வேறு கருவிகள்.

மறைந்தவை

அவற்றுள் ஒன்றின் கதை சிங்கப்பூரோடு தொடர்புடையது. சிம் வோங் ஹூ நிறுவிய 'கிரியேட்டிவ் டெக்னாலஜி' என்னும் சிங்கப்பூர் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் 'நோமாட் ஜூக்பாக்ஸ்' என்னும் பாட்டுக் கேட்கும் கருவியை வெளியிட்டது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைச் சேமித்து வைக்க முடிந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் 'ஐபாட்' அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பின்னர், காப்புரிமை தொடர்பாக இரு நிறுவனங்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. 2006இல் ஆப்பிள், கிரியேட்டிவ் நிறுவனத்திற்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. உலகச் சந்தையில் வாகை சூடிய ஐபாடும் நிலைக்கவில்லை. அதன் உற்பத்தி நிறுத்தப்படுவதாக 2022 மே மாதத்தில் ஆப்பிள் அறிவித்தது.

காரணம் எளிது. அதே பாடலைத் திறன்பேசியும் கைக்கணினியும் அதே தரத்தில் ஒலித்தன. கேட்பவரின் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. அப்படியிருக்க, பாட்டுக்கென்று இன்னொரு கருவியைச் சுமக்க யாரும் விரும்பவில்லை.

புகைப்படக் கருவிக்கு நேர்ந்தது சற்று மாறுபட்டது. ஜப்பானியப் புகைப்படக் கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் ஏறத்தாழ 12 கோடி மின்னிலக்கப் புகைப்படக் கருவிகள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. பெரிதும் அடிபட்டவை, சட்டைப் பையில் அடங்கும் சிறிய கருவிகள். வில்லையை மாற்றக்கூடிய பெரிய கருவிகளை விளையாட்டு, வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்கள் இன்றும் கைவிடவில்லை. அவற்றின் உள்ளே ஒளியைப் பதிவு செய்யும் பகுதி பெரியது. எனவே, மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். நீண்ட வில்லை, மரக்கிளையில் தொலைவில் அமர்ந்திருக்கும் பறவையை அருகில் கொண்டு வந்து காட்டும். வில்லையும் ஒளியும் செய்யும் இவ்வேலையை ஒரு செயலியால் முழுமையாக ஈடுகட்ட முடிவதில்லை.

நிலைத்தவை

மின்வாசிப்பான் நிலைத்ததற்கும் இதைப் போன்றதொரு காரணம் உண்டு. கைக்கணினியின் திரை தானே ஒளியை உமிழ்ந்து படம் காட்டுகிறது. மின்வாசிப்பானின் திரை, காகிதத்தைப் போலத் தன்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அத்திரைக்குள் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்குமிழ்கள் உள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. இரு நிறத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றம் உடையவை. மின்புலத்தின் திசையை மாற்றினால், ஒரு நிறத் துகள்கள் மேலே வரும். மற்றவை கீழே செல்லும். இவ்வாறு கறுப்பும் வெள்ளையுமாக எழுத்துகள் உருவாகின்றன.

ஒருமுறை பக்கம் தோன்றிவிட்டால், அது அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை; பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே தேவை. அதனால்தான் கைக்கணினியின் மின்கலம் சுமார் பத்து மணி நேரத்தில் தீர்ந்துபோக, மின்வாசிப்பான் வாரக்கணக்கில் உழைக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் நண்பகல் வெயிலில் கைக்கணினியின் திரை மங்கித் தெரியும். மின்வாசிப்பானின் எழுத்துகளோ பளிச்சென்று தெரியும்.

உறக்கத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உள்ளது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் அதை வெளியிட்டனர். படுக்கைக்குச் செல்லும் முன், 12 பேர் சில இரவுகள் ஒளிரும் கைக்கணினியிலும் சில இரவுகள் அச்சு நூலிலும் படித்தனர். கைக்கணினியில் படித்த இரவுகளில் அவர்கள் உறங்குவதற்குச் சராசரியாக ஏறத்தாழ 10 நிமிடங்கள் கூடுதலாயின. 12 பேரை மட்டும் வைத்து உலகத்தார் அனைவருக்கும் முடிவு கட்டிவிட முடியாது. இருப்பினும், இரவில் படிக்கும் வழக்கமுள்ளோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அதற்காக, படிப்பு எல்லாவற்றிற்கும் மின்வாசிப்பானே சிறந்தது என்று கூறிவிட முடியாது. புவியியல் பாடநூலின் வண்ண வரைபடம் அதில் எடுபடாது. காணொளி பார்ப்பதற்கும் அது ஏற்றதன்று. பழைய தமிழ் நூல்கள் பல, பக்கங்களின் படங்களாகவே இணையத்தில் கிடைக்கின்றன. ஆறு அங்குலத் திரையில் அவ்வெழுத்துகள் கடுகளவாகத் தெரியும்; கைக்கணினியிலோ பெரிதாக்கி வசதியாகப் படிக்கலாம். மேலும், தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களைக் கைக்கணினியில் இலவசமாக இரவல் பெறலாம். எல்லா மின்வாசிப்பான்களிலும் அது இயலாது. நாவல் படிக்க ஏற்ற கருவி, பாடநூல் படிக்க ஏற்றதாக இல்லாமற்போகலாம்.

இயலாமையும் ஒரு சிறப்பே

இனி, கணிப்பானுக்கு வருவோம். ஐபேட் விற்பனைக்கு வந்த 2010ஆம் ஆண்டிலிருந்து 2024 வரை, அதில் ஆப்பிளின் சொந்தக் கணிப்பான் செயலி இல்லை என்றால் நம்புவீர்களா? வேண்டியவர்கள் வேறு நிறுவனங்களின் செயலிகளைத் தரவிறக்கிக்கொண்டனர். இன்று கைக்கணினியில் வரைபடம் வரைந்து காட்டும் அளவுக்குத் திறன்மிக்க செயலிகள் உள்ளன. ஆனாலும், தேசியத் தேர்வு நடைபெறும் கூடத்திற்குள் கைக்கணினியைக் கொண்டு செல்ல மாணவர்களுக்கு அனுமதி இல்லை. அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த கணிப்பானைக் கொண்டு செல்லலாம்.

ஏன் இந்த வேறுபாடு? அக்கணிப்பானால் இணையத்தில் தேட முடியாது; நண்பருக்குச் செய்தி அனுப்ப முடியாது; குறிப்புகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் செய்ய முடியாதவை பல. அதனாலேயே தேர்வுக்கூடம் அதை நம்புகிறது.

வீட்டிலும் இதே உண்மையைக் காணலாம். கைக்கணினியில் ஒரு கணக்கைப் போடத் தொடங்குகிறோம். திரையின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறது. அதைத் தொடுகிறோம், அதிலுள்ள காணொளியைப் பார்க்கிறோம், அது முடிந்ததும் அடுத்த காணொளி தானாகத் தொடங்குகிறது. அரை மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துவிடுகிறது. கணக்கோ பாதியில் நிற்கிறது. கணிப்பானிலும் மின்வாசிப்பானிலும் நம் கவனத்தைப் பிடித்திழுக்க வேறு எதுவும் இல்லை. ஒருபணிக் கருவி தரும் மிகப் பெரிய நன்மை இதுவே எனலாம்.

கைக்கணினியையும் அவ்வாறு மாற்றிக்கொள்ள முடியாதா? ஓரளவு முடியும். பள்ளிகள் கற்றல் கருவிகளில் ஒரு மேலாண்மைச் செயலியைப் பொருத்தி, எந்தச் செயலிகளை எந்நேரத்தில் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கின்றன. ஒரே ஒரு செயலியை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றைப் பூட்டிவிடும் வசதியும் கைக்கணினியில் உண்டு. ஆனால், நாமே பூட்டும் பூட்டின் சாவி நம் கையிலேயே இருக்கிறது. அதைத் திறவாமல் இருக்க மனக்கட்டுப்பாடு வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்படியானால், ஒவ்வொரு பணிக்கும் ஒரு கருவி வாங்கிக் குவிக்கலாமா? கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் பணம் செலவாகிறது. பழுதடைந்தால் அது குப்பையாகிறது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. கையில் இருக்கும் கருவியால் நிறைவாகச் செய்ய முடிகிற வேலைக்கு இன்னொன்றை வாங்குவது, வீட்டுக்கும் நாட்டுக்கும் சுமையே.

எனவே, புதிய கருவி ஒன்றை வாங்க எண்ணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: இவ்வேலையைக் கைக்கணினி அதே தரத்தில் செய்கிறதா? பாட்டுக் கேட்பதைப் போன்ற வேலையானால், தனிக்கருவி தேவையில்லை.

இரண்டாவது: இவ்வேலையை எவ்வளவு நேரம், எங்கே செய்கிறேன்? மாதம் ஒரு சிறுகதை படிப்பவருக்குக் கைக்கணினி போதும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் நாவல் படிப்பவருக்கு மின்வாசிப்பான் கைகொடுக்கும்.

மூன்றாவது: இவ்வேலைக்கு இடையூறு இல்லாத கவனம் தேவையா? தேவையென்றால், குறைவாகச் செய்யும் கருவியே நிறைவாகச் செய்யும். அது சில வேளைகளில் அச்சு நூலாகவும் வெறும் தாளும் பென்சிலுமாகவும்கூட இருக்கலாம்.

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. தகுதியை ஆராய்ந்து, ஒரு செயலை அதற்கு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வள்ளுவர் மனிதர்களைப் பற்றிக் கூறிய அறிவுரை, நம் மேசைமீது இருக்கும் கருவிகளுக்கும் பொருந்துகிறது. கைக்கணினி பல கருவிகளுக்கு ஈடாகிவிட்டது, சிலவற்றுக்கு ஈடாகவில்லை. எதற்கு எதைப் பயன்படுத்துவது என்று அறிந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, அதைப் பயன்படுத்தும் நம்முடையது.

அருஞ்சொற்பொருள்

ஒருபணிக் கருவி – ஒரே ஒரு வேலைக்கென உருவாக்கப்பட்ட கருவி
மின்வாசிப்பான் – மின்னூல்களைப் படிப்பதற்கான கருவி
காப்புரிமை – புதிய கண்டுபிடிப்பின்மீது அதைக் கண்டுபிடித்தவருக்கு உள்ள சட்ட உரிமை
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
உமிழ்தல் – வெளியிடுதல்
மின்கழிவு – பயன்பாடு முடிந்து எறியப்படும் மின், மின்னணுப் பொருள்கள்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்

கருத்தறிதல் வினாக்கள்

1. ஐபேட் அறிமுகமானபோது மின்வாசிப்பானைப் பற்றிப் பலர் என்ன கருதினர்?
2. பாட்டுக் கேட்கும் கருவி மறைந்ததற்கும், வில்லையை மாற்றக்கூடிய புகைப்படக் கருவி நிலைத்ததற்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
3. மின்வாசிப்பானின் மின்கலம் நீண்ட நாள் உழைப்பது எதனால்?
4. பாஸ்டன் ஆய்வின் முடிவை நாம் ஏன் கவனத்துடன் அணுக வேண்டும்?
5. "குறைவாகச் செய்யும் கருவியே நிறைவாகச் செய்யும்" என்னும் கூற்றின் பொருளை, பகுதியில் உள்ள ஒரு சான்றுடன் விளக்குக.

கலந்துரையாடுக

"தேர்வுக்கூடத்திலும் கைக்கணினியை அனுமதிக்க வேண்டும்." இக்கருத்தை ஏற்போர், மறுப்போர் என இரு குழுக்களாகப் பிரிந்து, தக்க காரணங்களுடன் வாதிடுக.