பள்ளிப் பொருளும் குடிமைப் பயிற்சியும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொதுப்பொருளைப் பலர்க்கும் பயன்படுமாறு வகுத்தல் அதனினும் அரிது. இதனை அரசனது திறன்களுள் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். குடியாட்சியிலோ குடிகளே மன்னராவர். ஆயின், பொதுச்செலவில் ஒரு காசைப்பற்றியும் கருத்துரைத்தறியாத இளைஞன், வாக்குரிமை பெற்ற அன்றே அத்திறனை எய்துவது யாங்ஙனம்?

இவ்வினாவிற்குப் போர்ச்சுகல் நாடு செயலால் விடை காண முயன்றது. நகரின் வரவு செலவைக் குடிமக்களே கூடி ஆராயும் முறை 1989இல் பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில் தோன்றிற்று. அத்தகைய முறையொன்றைப் போர்ச்சுகல் அரசினர் 2017இல் தம் பள்ளிகளிற் புகுத்தினர். அவர் வகுத்த விதிகளைச் சுருங்கக் காண்போம்.

முதலாவது, பொருள். மாணவர் ஒருவர்க்கு ஒரு யூரோ வீதம், 500 யூரோவிற்குக் குறையாமல், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. இரண்டாவது, கருத்து. ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயில்வோர், தனித்தோ ஐவர்வரை கூடியோ, பள்ளிக்கு வேண்டுவதொன்றை எழுதி, மாணவருள் நூற்றுக்கு ஐவரேனும் ஆதரிக்க, பிப்ரவரித் திங்கள் முடிவிற்குள் அளித்தல் வேண்டும். மூன்றாவது, தெரிவு. அளித்த கருத்துக்கள் ஒதுக்கிய தொகைக்கேற்பத் திருத்தப்பெற்று, மாணவரிடையே விளக்கப்பெற்றபின், மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாளில் வாக்கெடுத்தல் வேண்டும்.

அந்நாள் அந்நாட்டு மாணவர் நாள். 1962இல் அங்கிருந்த சர்வாதிகார அரசு மாணவர் நாள் விழாவைத் தடைசெய்து, லிஸ்பன் நகரிற் கூடிய மாணவரைக் காவற்படையால் அடக்கிற்று. கூடுதலே குற்றமாயிருந்த அந்நாளையே, பின்வந்த மாணவர் கூடி வாக்களித்தற்குரிய நாளாகக் குறித்தமை நினையத்தக்கது.

"இத்துணைச் சிறுதொகையால் யாது பயன்?" என்பாரும், "சிறுவர் பணத்தை வீணாக்குவர்" என்பாரும் உளர். தொகை சிறிதாயினும் அது தரும் கல்வி பெரிது. 500 யூரோவில் நூல்களும் இருக்கைகளும் வேண்டுமளவு ஒருங்கே பெற இயலாதெனக் காணும் மாணவன், ஒன்றைக் கொள்ளுதல் மற்றொன்றை விடுதலாம் என்பதைத் தானே உணர்கிறான். தன் கருத்தைப் பிறர் ஏற்குமாறு எடுத்துரைக்கவும், ஏலாதவழிப் பகையின்றி அமையவும் கற்கிறான். தெரிவிற் பிழை நேரினும், அதனைப் பள்ளியிற் சிறுபொருளோடு கண்டு திருந்துதல், நாட்டின் பெரும்பொருளிற் பிழைத்தலினும் நன்றன்றோ?

ஒன்று மட்டும் மறத்தலாகாது. முடிவை முன்னரே செய்துவைத்து, மாணவரை வினவுவதுபோல் நடிப்பின், இம்முறை குடிமையை விடுத்துப் போலிமையையே கற்பிக்கும். கொடுக்கும் உரிமை சிறிதாயினும் மெய்யானதாதல் வேண்டும். கரையில் நின்று நீந்தக் கற்றார் எவருமிலர், குடிமையும் அத்தகையதே.