மாணிக்கவேலு மாளிகையில் ஒரு பகல்: பெங்களூரு தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு வழிகாட்டி

பெங்களூருக்குப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, அரண்மனை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கமர்ஷியல் தெருவில் துணிமணி வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறோம். அந்தச் சுற்றுப் பாதையிலேயே, வசந்த நகர் அரண்மனைச் சாலையில், மவுண்ட் கார்மல் கல்லூரிக்கு அருகில் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. மத்திய அரசின் கலாசார அமைச்சகம் நடத்தும் இந்த நிறுவனம் நம் எல்லோருக்கும் சொந்தம். அங்கே எப்படிப் போவது, எதை எப்படிப் பார்ப்பது என்பதோடு, ஒரு கலைத்தொகுப்பை அரசு எப்படிக் காக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். அது தெரிந்தால் சுவரில் தொங்கும் ஒவ்வொரு படத்தையும் கூடுதல் மரியாதையோடு பார்ப்பீர்கள்.

எப்போது, எப்படிப் போவது

திங்கட்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வார நாட்களின் முற்பகலில் கூட்டம் குறைவு. இந்தியர்களுக்கு நுழைவுச் சீட்டு 20 ரூபாய். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுபவை. கிளம்புமுன் கலைக்கூடத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அன்றைக்கு என்ன கண்காட்சி நடக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

சென்னையிலிருந்து பிருந்தாவன் அல்லது லால்பாக் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரம்தான். மெட்ரோவில் வருபவர்கள் ஊதா வழித்தடத்தில் விதான சௌதா நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோக்காரரிடம் கலைக்கூடத்தின் பெயரைச் சொல்லிப் புரியவில்லை என்றால், "அரண்மனைச் சாலை, மவுண்ட் கார்மல் கல்லூரி பக்கம்" என்று சொல்லுங்கள். பையை வாசலில் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதால் பெரிய சுமை வேண்டாம். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் நேரே படங்களிடம் ஓடாதீர்கள். முன்னால் நிற்கும் பழைய மாளிகைக்கு ஒரு கதை உண்டு. இதன் பெயர் மாணிக்கவேலு மாளிகை. மாங்கனீசு, குரோமியச் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியார் இதை மைசூர் அரச குடும்பத்திடமிருந்து வாங்கியதாகச் சொல்வார்கள். பின்னர் மாளிகை அவர் குடும்பத்தின் கையைவிட்டுப் போய் அரசு அமைப்புகளின் வசம் வந்தது. 2000ஆம் ஆண்டு கலைக்கூடத்துக்காக மத்திய கலாசார அமைச்சகத்திடம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மனின் வடிவமைப்பில் பழைய மாளிகை சீரமைக்கப்பட்டு, புதிய காட்சிக்கூடம் ஒன்றும் சேர்த்துக் கட்டப்பட்டது. 2009 பிப்ரவரி 18 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

சுமார் மூன்றரை ஏக்கர் வளாகம். பெரிய மரங்களைக் காப்பாற்றி, அவற்றுக்கு இடம்விட்டுப் புதிய கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். தோட்டத்துச் சிற்பங்களைச் சுற்றி வந்து பாருங்கள். சிற்பம் எல்லாப் பக்கமும் பார்ப்பதற்காகவே செய்யப்படுவது. மாளிகையின் அறைகள் வீட்டு அளவில் இருப்பதால் சிறிய படங்கள் அங்கே நெருக்கமாகப் பேசும். பெரிய கான்வாஸ்களுக்குப் புதிய கூடத்தின் அகன்ற சுவர்கள் தேவை.

இது மூன்றாவது பிள்ளை

இந்த நிறுவனத்தின் தாய்வீடு டெல்லி. அங்கே ஜெய்ப்பூர் இல்லத்தில் 1954 மார்ச் 29 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவரும் திருத்தணியில் பிறந்தவருமான ராதாகிருஷ்ணன் இதைத் திறந்துவைத்தார். ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஹெர்மன் கோட்ஸ் முதல் காப்பாட்சியர். தொடக்கவிழாவை ஒட்டி நடந்த சிற்பக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது, அப்போது சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் 'உழைப்பின் வெற்றி'. 1959 முதல் மெரினாவில் நாம் பார்த்துவரும் உழைப்பாளர் சிலை அதுதான். 1996இல் மும்பையில் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் இரண்டாவது கூடம் வந்தது. மூன்றாவது பெங்களூரு. தென்னிந்தியாவுக்குக் கிடைத்த முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இதுவே.

டெல்லியின் தொகுப்பில் 17,000க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. அதன் கரு, 28 வயதில் லாகூரில் இறந்துபோன அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்கள். ஏறத்தாழ நூறு ஓவியங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால்தான் அந்தக் குறுகிய வாழ்வின் முழு வளர்ச்சியையும் நம்மால் காண முடிகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு செல்வந்தர் வீட்டுக்குப் போயிருந்தால் அது சாத்தியமில்லை. பொதுத் தொகுப்பு என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சுவரில் இருப்பது மிகச் சிறு பங்கு

ஆயிரக்கணக்கான படைப்புகள் இருந்தாலும், ஒரு நேரத்தில் நீங்கள் பார்ப்பது சில நூறுதான். மற்றவை காப்பறையில் இருக்கும். இதைக் குறையாக நினைக்காதீர்கள், வெளிச்சம்தான் காரணம்.

நீர்வண்ணம், அச்சுப்படம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் பாதுகாப்பானது என்பது உலக அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். எண்ணெய் வண்ணத்துக்கு ஏறக்குறைய 200 லக்ஸ் வரை போகலாம். ஒளியால் வெளிறிய நிறம் திரும்பி வராது. இன்று பட்ட வெளிச்சமும் சென்ற ஆண்டு பட்ட வெளிச்சமும் சேர்ந்து கணக்காகும். ஆகவே தாளில் வரைந்த ஓவியத்தைச் சில மாதங்கள் காட்டிவிட்டு நெடுநாள் இருட்டில் ஓய்வெடுக்க வைப்பார்கள். அறை மங்கலாக இருந்தால் எரிச்சல்படாமல் வாசலில் சிறிது நேரம் நில்லுங்கள். கண் பழகியதும் நிறங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. கான்வாஸும் மரச்சட்டமும் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். இரண்டும் மாறி மாறி வந்தால் வண்ணப் படலம் வெடித்து உதிரும். மழைக்காலத்தில் பூஞ்சை வரும், தாளைப் பூச்சி அரிக்கும். பெங்களூரின் தட்பவெப்பம் இதமானதுதான் என்றாலும், மனிதருக்கு இதமாக இருப்பது மட்டும் ஓவியத்துக்குப் போதாது. வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காமல் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருக்க வேண்டும். மின்கட்டணத்தில் பெரும்பகுதி இதற்கே போகும். பார்வையாளர் கண்ணில் படாத செலவு என்பதால் எந்த அரசு நிறுவனத்திலும் இதற்கு நிதி கேட்டுப் பெறுவது எளிதல்ல. ஆனால் கலைக்கூடத்தின் தலையாய கடமை இதுதான்.

சிறு சீட்டைப் படியுங்கள்

படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் பலர் படிப்பதில்லை. கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு என்று நாலைந்து வரிகள் இருக்கும். ஆண்டைப் பார்த்து, அப்போது நாட்டில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். நந்தலால் போஸின் பெயரோடு 1938 என்று இருந்தால், அது காந்தி கேட்டுக்கொண்டதற்கிணங்க ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக அவர் தீட்டிய வரிசையாக இருக்கக்கூடும். உழவர், தச்சர், மத்தளம் அடிப்பவர் என்று கிராமத்து மனிதர்களை விறுவிறுப்பான கோடுகளில் வரைந்திருப்பார்.

தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. வாங்கியதா, அன்பளிப்பாக வந்ததா, எப்போது, எந்த நிலையில் என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் இருக்கும். வாங்குவதாயின் வல்லுநர் குழு பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். படம் வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போனால், கிளம்புமுன் ஒவ்வொரு கீறலையும் விரிசலையும் குறித்து நிலையறிக்கை எழுதுவார்கள்; திரும்பி வந்ததும் அதை வைத்து ஒப்பிடுவார்கள். பதிவேடு பிசகினால், பொருள் காணாமற்போனதே தெரியாது.

ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், அவனீந்திரநாத், ககனேந்திரநாத், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகிய ஒன்பது பேரின் படைப்புகளை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் கலைச்செல்வமாகப் பாதுகாக்கிறது. இந்த ஓவியங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. ஒன்பது பெயரையும் குறித்துக்கொண்டு போய்த் தேடுங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

எதைத் தேடிப் பார்ப்பது

படங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் குறிப்பிட்ட ஓர் ஓவியத்தை நம்பிப் போகாதீர்கள். எந்த மரபு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் எது மாட்டியிருந்தாலும் ரசிக்கலாம்.

தஞ்சாவூர், மைசூர் ஓவியங்கள் அருகருகே அமைந்தால் விடாதீர்கள். தஞ்சை ஓவியத்தில் மக்கு வைத்துத் தடிப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியிருப்பார்கள். மைசூர் ஓவியத்தில் அந்தப் புடைப்பு மெல்லியது, கோடு நுட்பமானது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.

வங்காளப் பள்ளியின் நீர்வண்ணங்களில் பனிமூட்டம் போன்ற ஒரு மெழுக்கு இருக்கும். தாளைத் திரும்பத் திரும்ப நீரில் நனைத்து நிறமேற்றும் முறை அது. ஜாமினி ராய் முன்னால் நிற்கும்போது கண்களையும் வளைகோடுகளையும் கவனியுங்கள். காளிகாட் பட ஓவியர்களிடமிருந்து அவர் கற்றது அது. அறுபது வயதைக் கடந்தபின் தூரிகையை முழுமூச்சாக எடுத்த தாகூரின் விசித்திர முகங்களுக்கு நேரம் கொடுங்கள்.

நம் பக்கத்துப் பெயர்களை அவசியம் தேடுங்கள். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால், பி.வி. ஜானகிராம், எல். முனுசாமி, சந்தானராஜ், ஆதிமூலம் ஆகியோர் சென்னை ஓவியப் பள்ளியிலிருந்து எழுந்த இயக்கத்தின் தூண்கள். பணிக்கரின் தலைமையில் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான, மைசூரில் பிறந்து சென்னையில் பயின்ற எஸ்.ஜி. வாசுதேவின் பின்னோக்குக் கண்காட்சியை 2018இல் இந்தக் கலைக்கூடம் நடத்தியது. ஓவியம், செப்புப் புடைப்பு, பட்டு நெசவு என்று அவர் கை வைத்த ஊடகங்கள் பல. டெல்லியை மட்டுமே மையமாகக் கொண்டு எழுதப்பட்ட நவீனக் கலை வரலாற்றில் தெற்கின் பங்கைச் சேர்ப்பதற்கு இப்படிப்பட்ட கண்காட்சிகள் இன்னும் நிறைய வேண்டும்.

உள்ளே நடந்துகொள்வது

படத்தைத் தொடாதீர்கள். விரலின் வியர்வையும் எண்ணெயும் வண்ணத்தில் ஊறிக் கறையாகும். சிற்பம் உறுதியாகத் தெரிந்தாலும் வெண்கலத்தின் மேற்பூச்சு தொடத் தொடத் தேயும். புகைப்படம் எடுக்கலாமா என்று வாசலில் கேளுங்கள்; அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். பென்சிலும் சிறு நோட்டும் கொண்டுபோய், பிடித்த படத்தின் முன் நின்று நாலு கோடு இழுத்துப் பாருங்கள். வரையத் தெரிய வேண்டியதில்லை. வரைய முயலும்போது கண் பத்து மடங்கு கூர்மையாகும்.

எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று வேகமாக நடப்பதைவிட, ஒரு சுற்று மெதுவாக வந்துவிட்டு, மனதில் நின்றவற்றிடம் மட்டும் திரும்பிப் போங்கள். நடுவில் களைத்தால் வளாகத்திலேயே சிற்றுண்டி விடுதி இருக்கிறது. நூலகமும் அரங்கமும் உண்டு. பெங்களூரிலேயே வசிப்பவர்கள் இங்கே நடக்கும் உரைகளையும் பட்டறைகளையும் தவறவிடாதீர்கள்.

நேரம் மிஞ்சினால்

ஆட்டோவில் சில நிமிடத் தொலைவில், குமார கிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் இருக்கிறது. பெங்களூரு புறநகரில் வாழ்ந்த ஸ்வெதோஸ்லாவ் ரோரிக், அவர் தந்தை நிக்கோலஸ் ரோரிக் ஆகியோரின் ஓவியங்களை அங்கே காணலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு அன்று அந்தச் சாலை முழுதும் ஓவியச் சந்தையாகும். கஸ்தூரிபா சாலையில் உள்ள வெங்கடப்பா கலைக்கூடம், அவனீந்திரநாத்தின் மாணவரும் வீணைக் கலைஞருமான வெங்கடப்பாவின் பெயரில் அமைந்தது. அவர் தீட்டிய ஊட்டி, கொடைக்கானல் நீர்வண்ணங்கள் தமிழர்கள் பார்த்தே தீர வேண்டியவை. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அதே சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலை, புகைப்பட அருங்காட்சியகம் தனியார் முயற்சியில் எழுந்தது.

ஒரு வேண்டுகோள்

பொதுக் கலைக்கூடம் பார்வையாளரால்தான் உயிர்வாழ்கிறது. யாரும் வராத இடத்துக்கு நிதி குறையும், ஆள் குறையும், பிறகு தொகுப்பே பாழாகும். ஆகவே போங்கள், பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். தமிழில் விளக்கக் குறிப்பு வேண்டும், சென்னைக் கலைஞர்களின் படைப்புகளை அதிகம் காட்ட வேண்டும் என்று தோன்றினால், பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அடுத்த பெங்களூருப் பயணத்தில் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.