காதை நம்பி எழுதாதீர்கள்

கழுத்தில் கட்டுவது டை. நரைத்த தலைக்கு அடிப்பதும் டை. பிரஸ் மெஷினில் மாட்டுவதும் டைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது, மூன்றுக்கும் வேறு வேறு ஸ்பெல்லிங் என்பதே எனக்கு உறைக்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன். காதில் விழுந்ததை எழுதுவேன்.

ஒருநாள் 'பிரேக் டிரம்' என்று கொட்டேஷன் அடித்து அனுப்பினேன். வாங்குகிற கம்பெனியிலிருந்து போன் வந்தது. "சார், டிரம்மை நீங்களே உடைச்சுக் குடுத்துடுவீங்களா?" நான் அடித்திருந்தது பி-ஆர்-இ-ஏ-கே. அதற்கு உடைப்பது என்று பொருள். வண்டியை நிறுத்தும் பிரேக், பி-ஆர்-ஏ-கே-இ. இரண்டும் அகராதியில் இருக்கும் சொற்கள் என்பதால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடவில்லை.

"தம்பி, வெர்னியர் வைக்காம ஷாஃப்ட்டுக்கு சைஸ் சொல்லுவியா? எழுத்தையும் அளந்து பாரு" என்றார் ஃபோர்மேன்.

ஏன் இந்தக் குழப்பம்? இறைச்சியும் 'மீட்', சந்திப்பதும் 'மீட்'. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் இவற்றை வேறு வேறாகத்தான் உச்சரித்தார்கள். 1476-ல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் காக்ஸ்டன் என்பவர் அச்சகம் வைத்த பிறகு, எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்துவிட்டது. வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. பழைய வித்தியாசம் இன்று எழுத்தில்தான் மிச்சமிருக்கிறது. மனம், மணம் என்று எழுதும்போது நாம் சுழியை எண்ணுவதில்லையா, அதுபோலத்தான்.

ஃபோர்மேன் சொன்ன அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் கைக்குப் பழகிய ஒரு பொருளோடு முடிச்சுப் போட்டேன்:

• பிரேக்: டிபன் கடை போர்டில் உள்ள பிரேக்ஃபாஸ்ட்டில் இருப்பது உடைக்கிற பிரேக். இரவுப் பட்டினியை முறிப்பதால் அந்தப் பெயர்.

• ஸ்டேஷனரி: பேப்பர், பேனா விற்கும் கடை என்றால் கடைசியில் இ-ஆர்-ஒய். என்வலப்பின் முதல் எழுத்தும் இ. ஏ-ஆர்-ஒய் என்றால் அசையாமல் நிற்பது. நம் பக்கத்துக் கடை போர்டுகள் சில அசையாமல்தான் நிற்கின்றன.

• லூஸ், லூஸ்: ஆடுகிற போல்ட்டுக்கு இரண்டு ஓ. இழப்பதற்கு ஒன்று, இன்னொரு ஓ-வை இழந்துவிட்டது.

• பிரின்சிபல்: கடன் அசலும் பள்ளி முதல்வரும் பி-ஏ-எல். கொள்கைக்கு பி-எல்-இ.

• செக்: நம் ஊர் வழக்கில் பணம் தரும் செக்கில் க்யூ உண்டு. பேங்கில் க்யூவில் நின்று போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் செக்கில் அது கிடையாது.

பட்டியலை மொத்தமாக மனப்பாடம் செய்யாதீர்கள், நிற்காது. நீங்கள் தப்பாக எழுதி மாட்டிக்கொண்ட சொற்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பட்ட அவமானம் அதை மறக்க விடாது.