முஸல்லாவைப் போன்ற ஒரு தீவு

சுற்றாடலைப் பாதுகாக்க வேண்டும் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. காடழிப்பின் விளைவுகளைச் சிறுவயது முதலே படிக்கிறோம், பரீட்சையில் எழுதிப் புள்ளிகளும் பெறுகிறோம். ஆனால் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே பொலித்தீன் பைகள் கிடக்கத்தான் செய்கின்றன. அறிவு இருந்தும் செயல் ஏன் பிறப்பதில்லை? மனிதனை அசைப்பது அறிவு மட்டுமல்ல, அன்பு, அச்சம், பக்தி போன்ற உணர்வுகளும் அவன் வளர்ந்த பண்பாட்டின் நம்பிக்கைகளும்தான் என்பது எனது கருத்து.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. அநுராதபுரத்து ஸ்ரீ மகாபோதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணப்பட்டு வருகிறது. அரசுகள் மாறின, தலைநகரங்கள் இடம்பெயர்ந்தன, ஆனால் மரம் நிற்கிறது. அதனைக் காத்தது பௌத்த மக்களின் பக்தியே.

முஸ்லிம்களாகிய நமக்கு நெருக்கமான உதாரணம் கிழக்கு ஆபிரிக்காவில் உள்ளது. தன்சானியாவின் சன்சிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவுக்கு அருகில் மிசாலி என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஹிழ்ர் (அலை) அவர்கள் அங்கு வந்து தொழுவதற்கு முஸல்லா கேட்டார்கள் என்றும், அது கிடைக்காதபோது, மக்காவை நோக்கி அமைந்த இத்தீவே முஸல்லாவைப் போன்றது என்று கூறினார்கள் என்றும் அவ்வூர் மக்கள் நம்புகின்றனர். 'போன்றது' என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்தே மிசாலி என்ற பெயர் வந்ததாம்.

அத்தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. கடலாமைகள் அங்கு கரையேறி முட்டையிடுகின்றன. எனினும் மீனவர் சிலர் டைனமைட் வெடிக்கவைத்து மீன் பிடித்தனர். ஒரு வெடியில் மீன் மட்டுமன்றி, குஞ்சுகளும் அவை வாழும் பவளப்பாறையும் சேர்ந்தே அழிந்தன. 1998இல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக்கப்பட்டது. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை.

அப்போதுதான் இஸ்லாமியச் சூழலியல் அமைப்பொன்று அங்கு சென்றது. அதனை நிறுவிய பஸ்லுன் காலித் அவர்கள் இலங்கையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. மனிதன் பூமியில் அல்லாஹ்வின் கலீஃபா, அவன் படைப்பில் சமநிலையை வைத்துள்ளான், வீண்விரயம் செய்வோரை அவன் நேசிப்பதில்லை ஆகிய அல்குர்ஆன் போதனைகள் மீனவர்களுக்கு விளக்கப்பட்டன. அரசாங்கத்தின் கட்டளைக்கு அசையாதவர்கள் அல்லாஹ்வின் கட்டளைக்குச் செவிசாய்த்தனர். டைனமைட்டைக் கைவிட்டனர்.

இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அம்மீனவர்கள் புதிதாக முஸ்லிம்களானவர்கள் அல்லர். அந்தத் தீவை முஸல்லாவாக மதித்தவர்களே அதன் கடலில் வெடி வைத்தார்கள். நம்பிக்கை ஏற்கெனவே இருந்தது, ஆனால் அது தொழிலோடு இணையவில்லை. இணைத்துக் காட்டியபோதே அது காவலாக மாறியது. ஆகவே, நம்பிக்கை இருந்தால் இயற்கை தானாகவே காக்கப்படும் என்று எண்ணுவது தவறு.

நமது நிலையும் இதுதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள். அது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நாமோ அந்த வுழூவையே குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டுச் செய்கிறோம். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடத் தொடங்குகிறோம், வலீமா முடிந்ததும் சஹன்களில் சோறு மிஞ்சிக் கிடக்கிறது. நோன்பு திறந்த பின்பு பிளாஸ்டிக் கோப்பைகள் வடிகானை அடைக்கின்றன.

எனவே சுற்றாடல் பாடம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. அது ஜும்ஆப் பயானிலும் மத்ரஸாவிலும் உம்மாமாரின் சமையலறையிலும் ஒலிக்க வேண்டும். பெற்றோர் பிள்ளைக்கு வுழூவைக் கற்றுக்கொடுக்கும் அன்றே குழாயைச் சிறிதாகத் திறக்கவும் கற்றுக்கொடுக்கலாம். தண்ணீரை வீணாக்கினால் கட்டணம் கூடும் என்று சொல்லி வளர்த்த பிள்ளை, கட்டணம் இல்லாத இடத்தில் அதை மறந்துவிடும். அது அல்லாஹ்வின் அமானிதம் என்று உணர்ந்த பிள்ளை எங்கு சென்றாலும் குழாயை மூடும்.