தூளைப் பிடிப்பதுதான் கஷ்டம்!

என் தம்பிக்கு வீசிங். டாக்டர் தந்த கேப்சூலை விழுங்கக் கூடாது. கருவியில் போட்டு, உள்ளேயிருக்கும் தூளை மூச்சோடு இழுக்கணும். போன மாதம் ஒரு ராத்திரி பயத்தில் அவன் சரியாக இழுக்கவில்லை. தூள் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டது, இளைப்பு நிற்கவில்லை. அம்மா அழுதே விட்டார். மறுபடி வேகமாக, ஆழமாக இழுத்த பிறகுதான் அடங்கியது. இதைக் கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்கப் போய்த்தான் இந்தப் பாடம் கிடைத்தது.

நுரையீரலின் அடிவரை போக, துகள் 1 முதல் 5 மைக்ரான் இருக்கணும். (1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.) பெரிசென்றால் தொண்டையில் தங்கும். ரொம்பச் சிறிசென்றால் வெளிவிடும் மூச்சோடு திரும்பிவிடும்!

இளைப்பு மருந்துகள் பலவற்றை அரைத்தே இந்த அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இன்சுலின் போன்ற புரதம் அரைத்தால் கெட்டுப்போகலாம். அதற்குத்தான் ஸ்பிரே டிரையர். மருந்துக் கரைசலைப் பனித்துளி மாதிரி சூடான காற்றில் தெளிப்பார்கள். நீர் ஆவியாகி, மருந்து தூளாக மிஞ்சும். பால் பவுடரும் இப்படித்தான். காற்று 100 டிகிரிக்கு மேல் இருந்தாலும் மருந்து வேகாது. ஆவியாகும்போது துளி குளிர்கிறது, நம்ம மண்பானைத் தண்ணீர் மாதிரி. 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸுபெரா என்ற இழுக்கும் இன்சுலின் இப்படிச் செய்ததே. விற்காததால் 2007-லேயே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கணக்கு. 10 மைக்ரான் துளியில் 1 சதவீதம் மருந்து. காய்ந்த பின் துகளின் விட்டம் எவ்வளவு? நான் 0.1 என்று போட்டுத் திட்டு வாங்கினேன். நூறில் ஒன்றாகக் குறைவது கன அளவு, விட்டமல்ல! 0.01-இன் கனமூலம் சுமார் 0.215. ஆக, சுமார் 2.15 மைக்ரான். (துகளின் அடர்த்தி தண்ணீர் அளவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, தூள் ரெடி. பிடிக்கணுமே? வழக்கமாகச் சைக்ளோன் என்ற புனலில் காற்றைச் சுழற்றுவார்கள். கனமான துகள் சுவரில் மோதிக் கீழே விழும். ஆய்வகக் கருவிகளில் சுமார் 2 மைக்ரானுக்குக் கீழே உள்ளதில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நமக்கு வேண்டிய தூளே நழுவுகிறது!

2009-ல் சுவிட்சர்லாந்தின் பியூக்கி நிறுவனம் இரண்டையும் மாற்றியது. தெளிக்க, 4 முதல் 7 மைக்ரான் துளைகளுள்ள அதிரும் வலைத்தகடு. பிடிக்க, சைக்ளோனுக்குப் பதில் உயர் மின்னழுத்தம். தலை வாரிய சீப்பு பேப்பர்த் துண்டை இழுப்பதுபோல, மின்னேற்றம் பெற்ற துகள் உருளைச் சுவரில் ஒட்டும். 1 மைக்ரானுக்குக் கீழே உள்ளதும் தப்பாது. ஆனால் கரைசல் கெட்டியானால் வலை அடைத்துக்கொள்ளும், தூளும் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆய்வகத்துக்குச் சரி, தொழிற்சாலைக்குப் பத்தாது.

கீழே சைக்ளோன் படம் வரைந்திருக்கிறேன். சிவப்பு அம்புக்குறிதான் நழுவும் தூள்.

– +1 'ஆ' பிரிவு மாணவி